ரஃபைத் தாளில் போடுவதா, திரையில் போடுவதா?

பெங்களூரு குமரகிருபா சாலையில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் சித்திரச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? கர்நாடக சித்ரகலா பரிஷத் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையையே கண்காட்சி ஆக்கிவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதை நெடுகப் படங்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் படத்தைச் சற்று நேரம் பார்ப்பார்கள். அப்புறம், விலையைக் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும்: "இது கையால வரைஞ்சதா, கம்ப்யூட்டர்ல போட்டதா?" கன்னடத்திலும் வரும், ஹலசூர், சிவாஜிநகர் பக்கமிருந்து வந்தவர்களிடமிருந்து தமிழிலும் வரும்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது என்பது ஒன்று. உலகத்தில் இது ஒரே ஒரு பிரதிதானா, இல்லை நாளைக்கே இன்னும் நூறு அச்சடித்து விற்பீர்களா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் பணம் கொடுப்பவரின் கவலை. உழைப்பு இரண்டு பக்கமும் உண்டு, பிரதி விஷயத்தை ஓவியரிடம் நேராகவே கேட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது யாரும் வெளிப்படையாகக் கேட்காத மூன்றாவது கேள்வி: இந்தப் படத்தை வரைந்தவர் எப்படி யோசித்தார்? தாளில் யோசிப்பதும் திரையில் யோசிப்பதும் ஒன்றுதானா?

ஒன்றில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன், "கைவரைவு என்றால் இயந்திரம் தொடாதது" என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். நாம் கொண்டாடும் தமிழ்ப் பத்திரிகை ஓவியங்களையே எடுத்துக்கொள்வோம். கோயில் கோயிலாகப் போய் சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்த சில்பி, ஒரு வளைவிலேயே ஆளின் குணத்தைக் காட்டிவிடும் கோபுலு: இவர்களின் கோடுகள் அச்சாகும்போது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் துத்தநாகத் தகட்டுக்கும் பங்கு உண்டு. அந்தத் தகட்டில் செய்த, லைன் பிளாக் என்ற அந்தக் காலத்து அச்சில் மை உண்டு, அல்லது இல்லை. நடுவில் சாம்பல் நிறம் என்ற ஒன்று கிடையாது. புள்ளித் திரை வைத்து எடுக்கும் ஹாஃப்டோன் பிளாக் மட்டமான தாளில் அப்பிக்கொள்ளும். அதனால் நிழல் வேண்டுமென்றால் குறுக்குக் கோடுகள், புள்ளிகள், காய்ந்த தூரிகையின் தேய்ப்பு என்று ஏதாவது ஒன்றால்தான் கொண்டுவர முடியும். படத்தை அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து, கேமராவில் சுருக்குவார்கள். சுருங்கும்போது எந்தக் கோடு தாங்கும், எது காணாமல் போகும் என்ற கணக்கு ஓவியரின் மணிக்கட்டில் இருந்தாக வேண்டும். பழைய கார்ட்டூன்களின் மூலப் பிரதியை யாராவது காட்டினால் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிசகிய இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர் பூசியிருப்பார்கள். சில நேரம் ஒரு முகத்தை மட்டும் வேறு தாளில் வரைந்து வெட்டி ஒட்டியிருப்பார்கள். கேமராவுக்கு அது தெரியாது, அச்சில் சுத்தமாக வந்துவிடும்.

ஆக, இயந்திரம் எப்போதும் இருந்தது. ஆனால் வேலையின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. கணினி செய்த பெரிய மாற்றம், இயந்திரத்தை அந்தக் கடைசி இடத்திலிருந்து தூக்கி முதல் இடத்தில், அதாவது யோசனை இன்னும் உருவே எடுக்காத நேரத்தில் கொண்டுவந்து வைத்ததுதான். இதனால் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, அந்த முதல் கட்டத்துக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும்.

ஹலசூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறவர். இந்த ஊரில் அந்த வேலைக்குக் குறைவில்லை. 2004இல் இங்கே தொடங்கிய பிரதம் புக்ஸ் தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறது. 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் அவற்றைத் திறந்த உரிமத்தோடு வைக்கிறது. கதை கைக்கு வந்ததும் இந்த அக்கா முதலில் எடுப்பது ஒரு பக்கம் அச்சான, மறுபக்கம் காலியான பழைய தாளைத்தான். அதில் தீப்பெட்டி அளவுக்குச் சிறுசிறு கட்டங்கள் போட்டுக்கொள்வார். முடிந்த படத்துக்கு முன்னால் வரும் இந்தக் கிறுக்கலைத்தான் ரஃப் என்கிறோம்.

ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். கதையில் ஒரு பாட்டியும் பேத்தியும் நகரப் பேருந்தில் போகிறார்கள், நல்ல கூட்டம். 4பி பென்சிலைப் படுக்க வைத்துப் பிடித்து, பேருந்தின் மேற்கம்பிக்கு ஒரு கோடு போட்டார். அது சரியாக இல்லை என்று தோன்றியதும் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கும் கீழே சாய்வாக மூன்றாவது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, கோட்டு மேல கோடா இருக்கு? எது பாட்டின்னே தெரியல."

"இரு தம்பி. எது பாட்டி, எது பஸ்ஸுன்னு நானே இன்னும் முடிவு பண்ணல."

அப்புறம் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அந்த மூன்றாவது சாய்வுக் கோடு, கம்பிக்காகப் போட்டது, இப்போது மேலே நீண்ட ஒரு கை மாதிரி தெரிந்தது. அதையே பாட்டியின் கை ஆக்கினார். கை மேலே போனதால் வளையல்கள் முழங்கை வரை சரிந்து இறங்கின. பேத்திக்குக் கம்பி எட்டாது, ஆனால் பாட்டியின் முந்தானை எட்டும். ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பக்கத்தின் படம் முடிவாகிவிட்டது: கம்பியைப் பாட்டி பிடித்திருக்கிறார், பாட்டியைப் பேத்தி பிடித்திருக்கிறாள். கதை எழுதியவர் இப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. தவறாக விழுந்த ஒரு கோடு அழியாமல் கிடந்ததால் கிடைத்த படம் அது.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வினோத் கோயல் என்ற அறிவியல் ஆய்வாளர், வடிவமைப்பாளர்களைக் கையால் ரஃப் போடவும், மேக்டிரா என்ற அன்றைய கணினி வரைவு மென்பொருளில் போடவும் வைத்து ஒப்பிட்டார். அவரது முடிவுகள் 1995இல் புத்தகமாக வந்தன. கையால் போட்ட ரஃபில் ஒரே கோட்டைப் பல விதமாகப் படிக்க முடிந்தது. அதனால் ஒரு யோசனையிலிருந்து பக்கவாட்டில் இன்னொரு யோசனைக்குத் தாவுவது அதிகமாக நடந்தது. மென்பொருளில் அந்தத் தாவல் குறைந்தது, முதலில் வந்த யோசனையையே மேலும் மேலும் செதுக்கும் போக்கு கூடியது. 1997இல் மசாகி சுவா, பார்பரா ட்வெர்ஸ்கி இருவரும் கட்டடக் கலைஞர்களையும் மாணவர்களையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தான் வரைந்த ரஃபைத் திரும்பப் பார்க்கும்போது, வரையும் நேரத்தில் நினைக்காத விஷயங்களைக்கூட அதில் கண்டுபிடிப்பது, அதிலும் அனுபவசாலிகள் அதை நன்றாகச் செய்வது, அதில் தெரிந்தது. அக்காவின் பென்சிலில் நடந்தது இதுதான். மங்கலாக இருப்பது ரஃபுக்குக் குறையே கிடையாது. அதன் வேலையே மங்கலாக இருப்பதுதான்.

கணினி இந்த மங்கலுக்கு நேர் எதிரான இடத்தில் பிறந்தது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்துகாட்டிய ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருள்தான் திரையில் பேனாவால் வரையும் முறைக்கு முன்னோடி. ஒளிப்பேனாவால் கோணலாக ஒரு கோடு போட்டுவிட்டு, "இது அதற்கு இணையாக இருக்கட்டும்" என்று கட்டளை கொடுத்தால், கோடு தானே நிமிர்ந்துகொள்ளும். பொறியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வளைவுகளின் கதையும் அப்படித்தான். இன்று பல வரைவு மென்பொருள்களில் இருக்கும் பெசியே வளைவு, பிரான்ஸில் கார் உடல்களை வடிவமைக்க வந்தது. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும், சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்டெல்ஜோவும் தனித்தனியாக அதைக் கண்டடைந்தார்கள். 1987இல் வந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் அந்த வளைவை ஓவியர்களின் கையில் கொடுத்தது. அதில் ஒரு கோடு போட, அது எங்கே தொடங்கும், எங்கே முடியும், எந்தப் பக்கம் வளையும் என்று புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும். லோகோ வரைய, எழுத்துரு செய்ய அருமையான கருவி. ஆனால் பாட்டியா பேருந்தா என்று இன்னும் தெரியாத நேரத்தில், புள்ளி எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிறகு கணினியோடு இணைத்து வரையும் பேனாவும் பலகையும் வந்தன. ஜப்பானில் 1983இல் தொடங்கிய வாகாம் நிறுவனத்தின் பேனாவில் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அனுப்பும் மின்காந்த அலையை வாங்கி, பேனா திருப்பி அனுப்பும். அதை வைத்துப் பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் என்று பலகை கணக்கிடும். அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரிப்பதாக இப்போதைய பேனாக்களில் குறிப்பிடுகிறார்கள். 2015இல் ஆப்பிள் பென்சில் வந்த பிறகு, ஐபேடில் நேராகத் திரையிலேயே வரைவது சாதாரணமாகிவிட்டது. இன்று திரையில் வரைவது கைவரைவு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைதான் வரைகிறது, தோளும் முழங்கையும் சேர்ந்துதான் வளைகின்றன.

ஆனாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேனா தொட்ட புள்ளிகளை வாங்கி, அவற்றின் வழியே ஒரு வளைவைப் போட்டுக் காட்டுவது மென்பொருள். "ஸ்டெபிலைசர்" என்ற வசதியைக் கூட்டி வைத்தால் கை நடுக்கத்தை அது வடிகட்டிவிடும். தலைப்பு எழுதும்போது இதைவிட நல்ல துணை இல்லை. ரஃப் போடும்போது இதே உதவி உபத்திரவமாகிறது. இன்னும் முடிவெடுக்காத கை தயங்கித் தயங்கிப் போட்ட கோடு, திரையில் முடிவெடுத்த கோடு மாதிரி வழவழவென்று நிற்கிறது. பார்க்கும் கண் அதை நம்பிவிடுகிறது. அக்காவின் அந்த மூன்று கம்பிக் கோடுகள் அப்படி வழவழவென்று விழுந்திருந்தால், இரண்டை அழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அழிப்பதைப் பற்றிப் பேசினால், கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்கும் "அண்டூ" பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பில் பல ஆண்டுகள் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடிந்தது. 1998இல் ஐந்தாவது பதிப்பில் ஹிஸ்டரி வசதி வந்த பிறகுதான் பல படிகள் பின்னோக்கிப் போகலாம் என்றானது. இப்போது இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கோடு மறைந்துவிடும். திரையிலேயே வளர்ந்த இளைஞர்கள் வரைவதைக் கவனியுங்கள். ஒரு தாடையை வரைய, போடு, தட்டு, போடு, தட்டு என்று இருபது முறை போகும். மையும் தூரிகையுமாகப் பழகியவர்கள் வேறு மாதிரி. தூரிகை தாளைத் தொடும் முன் காற்றிலேயே அந்த வளைவை ஒன்றிரண்டு முறை ஓட்டிப் பார்ப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போடுவார்கள். ஒருவர் தேர்ந்தெடுப்பதைக் கோடு போட்ட பிறகு செய்கிறார், இன்னொருவர் போடுவதற்கு முன் செய்கிறார். இரண்டிலும் நல்ல தாடை வரும். ஆனால் முன்னால் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்தவருக்கு, படம் முழுவதையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு கோட்டைப் போடும் திறன் கூடவே வளர்கிறது.

நம் வீட்டு வாசலிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஹலசூரின் பழைய தெருக்களில் விடியற்காலையில் போனால், சிக்குக் கோலம் போடும் பெண்களைப் பார்க்கலாம். புள்ளி வைத்ததும் கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். நடுவில் பிசகினால், கோலத்தைத் தெரிந்தவர்கள் முழுவதையும் கலைக்க மாட்டார்கள். பிசகிய வளைவை அடுத்த பக்கமும் அதே மாதிரி போட்டு, அதையும் ஒரு வடிவமாக்கிவிடுவார்கள். இந்தக் கோலத்தைக் கணினிக்குக் கொண்டுபோனதும் தமிழ்நாட்டில்தான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலங்களுக்கு இலக்கணம் எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த விதியில் தொடங்கினால் எந்தக் கோலம் வளரும் என்று கணினி அறிவியலின் மொழியில் சொல்லிக் காட்டிய வேலை அது. உலக அளவில் பேசப்பட்டது. அதைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. கோலத்தின் விதியை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். பிசகிய வளைவை அழகாக்குவது மட்டும் இன்னும் வாசலில் குனிந்திருப்பவரின் யோசனையாகவே இருக்கிறது.

சரி, அண்டூவால் நன்மையே இல்லையா? நிறைய உண்டு, முக்கியமாக வண்ணத்தில். நீர்வண்ணத்தில் வானத்துக்கு ஒரு முறை அடித்த நீலம் அடித்ததுதான். நனைந்த தாளில் மேலும் கை வைத்தால் சேறாகும். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் பாதுகாப்பான நிறத்திலேயே நின்றுவிடுகிறார்கள். திரையில் ஒரே தெருவுக்கு மழைக்கால மாலை, வெயில் கொளுத்தும் மதியம், தெருவிளக்கின் மஞ்சள் என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம், கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வண்ணத்தைத் திரையில் தேடுவதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சு மையோ ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சகத்திலிருந்து வரும்போது முகம் வாடி வரும்.

ஒரே படத்தைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து வரைய விடும் லேயர்கள் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஃபோட்டோஷாப்பில் அவை 1994இல் வந்தன. ஆனால் அனிமேஷன்காரர்களுக்கு அது புதிதில்லை, பின்னணி ஒரு தாளிலும் ஆட்கள் கண்ணாடி போன்ற செல் தாள்களிலும் என்று அடுக்கி வைத்துப் படம் எடுத்தவர்கள் அவர்கள். பெங்களூரில் இருக்கும் கேம், அனிமேஷன் கம்பெனிகளில் லேயர் இல்லாத ஃபைலை யாரும் வாங்க மாட்டார்கள். பின்னணி தனியாக நகர வேண்டும், கை தனியாக ஆட வேண்டும், நாளைக்குக் கிளையன்ட் "புடவையை மட்டும் மாத்திடுங்க" என்றால் மாற்ற வேண்டும். இது வேலைக்கான தேவை, குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் அந்தப் பிரிப்பு எப்போது நடக்கிறது என்பதுதான் கேள்வி. தாயும் பிள்ளையும் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். தாளில் வரைபவர் தாயின் கன்னமும் பிள்ளையின் தலையும் சேரும் இடத்தில் ஒரே ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு இரண்டு பேருக்கும் சொந்தம். அழுத்தம் அந்தக் கோட்டில் தெரியும். தாயை ஒரு லேயரிலும் பிள்ளையை இன்னொரு லேயரிலும் தொடக்கத்திலேயே பிரித்து வரைந்தால், ஆளுக்கொரு முழு ஓரக்கோடு வந்துவிடும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அட்டை பொம்மைகள் மாதிரி நிற்பார்கள். கட்டிப்பிடித்திருப்பார்கள், ஆனால் எடை இருக்காது. குழந்தைகள் புத்தகங்களிலும் விளம்பரங்களிலும் இந்தக் குறையை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சேர்த்து ரஃப் போட்டுவிட்டுப் பிறகு பிரித்தால் இது நேராது.

ஜூம் பற்றி ஒரு வார்த்தை. தாளுக்கு ஓர் அளவு உண்டு, கை நீளத்துக்குள் முழுப் படமும் கண்ணில் படும். திரையில் நானூறு சதவீதம் பெரிதாக்கி ஒரு கண்ணிமையை மணிக்கணக்கில் தீட்டலாம். அச்சில் அந்தக் கண் கடுகளவு வரும். அந்த நேரத்தில் தோள் எங்கே போயிருக்கிறது என்பது கவனத்திலேயே இருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் படத்தைச் சிறிதாகக் காட்டும் இன்னொரு ஜன்னலை ஓரத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் வசதியையும் விடாமல் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆட்கள் இதற்காகத் தாளைக் கண்ணாடிக்கு எதிரே பிடிப்பார்கள், அல்லது வெளிச்சத்தில் தூக்கிப் பின்பக்கமாகப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓவியரின் கோடு கருவியில் குடியிருப்பது இல்லை, அவ்வளவு ஏன், ஒரு குறிப்பிட்ட கையில்கூட இல்லை. கோபுலுவுக்கு முதுமையில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது, இடது கையால் வரையப் பழகினார், தொடர்ந்து வரைந்தார். பழகிய கை போனது, பழகிய கண் போகவில்லை. டிராட்ஸ்கி மருது, தமிழ் ஓவியர்களில் கணினியை மிக முன்கூட்டியே கையில் எடுத்தவர்களில் ஒருவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, கோட்டோவியத்தில் பேர் வாங்கியவர். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009 வாக்கில் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஐபேடுக்கு மாறி, அவற்றில் வரைந்த மலர்ப் படங்களை 2010இல் பாரிஸில் கண்காட்சியாகவே வைத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தாளிலும் துணியிலும் அரை நூற்றாண்டு வரைந்த பார்வையோடு திரைக்கு வந்தவர் அவர். அவர்களுக்குத் திரை இன்னொரு தாள், அவ்வளவுதான்.

அப்படியானால் இழப்பு யாருக்கு? மங்கலாக யோசிக்கும் பருவத்தைத் தாண்டாமலேயே வேலைக்குள் வந்துவிடுகிறவர்களுக்கு. பெங்களூரில் வேலை நடக்கும் வேகம் அவர்களை அப்படித் தள்ளுகிறது. காலையில் பேச்சு, மாலைக்குள் ரஃப் வேண்டும், அதையும் திரையைப் பகிர்ந்து கிளையன்ட் முன்னாலேயே காட்ட வேண்டும். பென்சில் கிறுக்கலைக் காட்டினால் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்பார்கள். அதனால் வண்ணம், நிழல் எல்லாம் போட்டு, பார்க்க முடிந்த படம் மாதிரியே ரஃப் போகிறது. உடனே பேச்சு புடவை நிறத்துக்கும் மூக்குத்திக்கும் போய்விடுகிறது. பாட்டி எங்கே நிற்க வேண்டும், பேருந்தை உள்ளிருந்து பார்ப்பதா வெளியிலிருந்தா என்பதை யாரும் பேசுவதில்லை. அனுபவசாலிகள் சிலர் இதற்காகவே பென்சில் ரஃபை ஸ்கேன் செய்து, சுத்தம் செய்யாமல் அப்படியே அனுப்புகிறார்கள். முடியாத படம் என்று பார்த்த உடனே தெரிந்தால்தான் எதிரில் இருப்பவருக்கும் மாற்றிச் சொல்லத் தைரியம் வரும். இன்னும் சிலர் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் வேலைக்குப் போகும்போதே, சட்டைப்பை அளவு நோட்டில் அந்த நாளின் ரஃபை முடித்துவிடுகிறார்கள். ஆபீசில் திரைக்கு முன் உட்கார்ந்தால் யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

2022க்குப் பிறகு, எழுதிக் கொடுத்தால் படம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இந்த வரிசையில் வந்துவிட்டன. அவற்றின் பயிற்சிக்கு யாருடைய படங்கள் போயின, அனுமதி கேட்டார்களா என்பது தனியாகப் பேச வேண்டிய, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். யோசனையின் பக்கமிருந்து மட்டும் பார்த்தால், அவை ரஃப் என்ற கட்டத்தையே தாண்டிக் குதிக்கின்றன. முதலில் வருவதே முடிந்த படம்தான். ஓவியர் செய்ய மிஞ்சுவது நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கம்பிக் கோடு கையாக மாறும் அந்த இடம் அதில் இல்லவே இல்லை.

வரையத் தொடங்கும் பிள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா என்று இங்கே தமிழ்ப் பெற்றோர்கள் நிறையக் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கித் தரலாம், ஆனால் ஒரு கட்டுத் தாளையும் மெத்தென்ற பென்சில்களையும் முதலில் தீர்க்கட்டும். தாளின் சொரசொரப்பு பென்சிலைப் பிடித்து நிறுத்தும்போது கை தன் அழுத்தத்தைத் தானே தெரிந்துகொள்கிறது. கண்ணாடியில் அது வழுக்கிப் போகும். சொரசொரப்பான படலம் வாங்கித் திரையில் ஒட்டினால் ஓரளவு சரியாகும், ஆனால் பேனா முனை சீக்கிரம் தேயும்.

திரை தந்த ஒன்றைத் தாளால் ஒருநாளும் தர முடிந்ததில்லை. புரோகிரியேட் போன்ற மென்பொருள்கள், ஒரு படம் முதல் கோட்டிலிருந்து கடைசி வரை எப்படி வளர்ந்தது என்று பதிவு செய்து ஓட்டிக் காட்டும். முன்பெல்லாம் ஒரு பெரிய ஓவியர் எங்கே தொடங்குகிறார், எதைக் கடைசிக்கு விடுகிறார் என்று தெரிய, அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பாக்கியம் வேண்டும். அது சிலருக்குத்தான் வாய்த்தது. ஹலசூர் அக்கா சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தன் படங்களின் ஓட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். முதலில் ஸ்கேன் செய்த பென்சில் ரஃப் அடி லேயராக மங்கலாக வரும். அதன் மேல் பேருந்தின் பெரிய வடிவம், பிறகு பாட்டியின் கை, வளையல். முகங்கள் கடைசியில்தான் வரும். முகத்தில் தொடங்கியே பழகிய பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு "ஏன்க்கா, மூஞ்சி போடாம எப்படி?" என்று கேட்கிறார்கள். அவர் ஓட்டத்தை நிறுத்தி, ஆளுக்கொரு பழைய தாளைக் கொடுத்து, பின்பக்கத்தில் ஆறு கட்டம் போடச் சொல்கிறார்.